கிழக்கே போகும் வேன்

மேற்கே போகும்போது அமெரிக்கா மணிநேரங்களை வாரி வழங்கும். நியூஜெர்சியில் கிளம்பி பசிபிக் கரையைத் தொடுவதற்குள் கடிகாரத்தை மூன்று தடவை பின்னால் திருப்பி வைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் ஓசியில் கிடைக்கும். திரும்பி வரும்போது கொடுத்ததை எல்லாம் பிடுங்கிக்கொள்ளும். மேற்கு டெக்சாஸில் ஒரு மணி, டென்னசியில் ஒரு மணி. அதற்கு வட்டி போல, மார்ச் இரண்டாம் ஞாயிறன்று அரசாங்கம் வேறு ஒரு மணி நேரத்தைக் கழித்துக்கொள்ளும். நவாஹோ மக்களின் நிலத்தைத் தவிர்த்தால், அரிசோனா இந்தக் கோடை நேர விளையாட்டுக்கு வருவதில்லை. அதனாலோ என்னவோ, குளிர்காலத்தை ஓட்ட அங்கே போன யாருக்கும் கிளம்ப மனசு வருவதில்லை.

எங்களுக்கும் வரவில்லை. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இலையுதிர் காலத்தில் கிளம்பியவர்கள் நாங்கள். வடக்கு மாநிலங்கள் வழியாகப் போய், பசிபிக் கரையோரமாகவே இறங்கி, குளிர் பிடித்ததும் அரிசோனா பாலைவனத்தில் வந்து உட்கார்ந்துவிட்டோம். வாடகைக்காரரின் ஒப்பந்தம் ஏப்ரலோடு முடிகிறது. ஆகவே பிப்ரவரிக் கடைசியில் வண்டியின் மூக்கைக் கிழக்கே திருப்பியாக வேண்டும்.

நாங்கள் உட்கார்ந்திருந்த ஊர் குவார்ட்ஸைட். கோடையில் சில ஆயிரம் பேர் மட்டுமே இருக்கும் ஊர். ஜனவரியில் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வேன், டிரெய்லர், பழைய ஸ்கூல் பஸ். சுற்றியுள்ள பாலைவனம் முழுக்க மத்திய அரசின் பி.எல்.எம். (நில நிர்வாகத் துறை) நிலம். ஓர் இடத்தில் 14 நாள் வரை காசில்லாமல் தங்கலாம். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை மொத்தமாகத் தங்க வேண்டுமென்றால் லா போசா என்ற பகுதியில் 180 டாலர். ஏழு மாதத்துக்கு 180! நியூஜெர்சியில் ஒரு வாரம் கார் நிறுத்தவே அதற்கு மேல் கேட்பார்கள்.

அந்த ஊர் இடுகாட்டில் கல்லால் கட்டிய ஒரு சின்ன பிரமிடு இருக்கிறது, உச்சியில் உலோகத்தில் ஓர் ஒட்டகம். 1850களில் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் சரக்குப் போக்குவரத்துக்கு ஒட்டகங்களை இறக்குமதி செய்து பார்த்தது. ஒட்டகம் ஓட்ட மத்தியத் தரைக்கடல் பக்கமிருந்து ஆட்களையும் கூட்டி வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஹாஜி அலி. உள்ளூர்க்காரர்கள் வாயில் அது ஹை ஜாலி ஆகிவிட்டது. உள்நாட்டுப் போர் வந்ததும் ஒட்டகத் திட்டத்தைக் கைவிட்டார்கள். மனிதர் ஊர் திரும்பவில்லை. 1902ல் இங்கேயே இறந்துபோனார். அந்தப் பிரமிடு அவருடைய கல்லறைதான்.

பக்கத்து வண்டியில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, தனியாக. அக்டோபரில் வடக்கு டகோட்டாவில் சர்க்கரை பீட் கிழங்கு அறுவடை வேலை, கோடையில் ஏதாவது முகாமைப் பார்த்துக்கொள்ளும் வேலை, குளிருக்கு இங்கே. 'நோமாட்லேண்ட்' படம் பார்த்தவர்களுக்கு இந்த வாழ்க்கை தெரிந்திருக்கும். எனக்கு அந்தப் படத்தில் சூரிய அஸ்தமனங்கள் கொஞ்சம் கூடுதல் என்றுதான் தோன்றியது. வாடகை கட்ட முடியாமல் வேனுக்கு வந்தவர்களும், வாடகையை வாங்கிக்கொண்டு வேனுக்கு வந்த எங்களைப் போன்றவர்களும் அந்த மண்ணில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறோம். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பல் வலி வந்தால் தெரியும்.

அந்த அம்மாதான் கிளம்பும்போது எங்களை எச்சரித்தார். வண்டிகள் பெரும்பாலும் அடிபடுவது கடைசி மாதத்தில்தானாம். ஏனென்றால் ஓட்டுகிறவர் ஏற்கனவே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார், உடம்பு மட்டும்தான் ஸ்டீயரிங்கில் இருக்கிறது. அதற்கு இந்த வேன் உலகத்தில் ஒரு விதி உண்டு: மூன்று-மூன்று-மூன்று. ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, பிற்பகல் மூன்று மணிக்குள் நிறுத்து, நிறுத்திய இடத்தில் மூன்று நாள் இரு. "சரி சரி" என்று தலையாட்டிவிட்டு முதல் நாளே என் கணவர் நானூறைத் தாண்டினார். நான் கணக்கு வைத்துக்கொண்டேன்; பின்னால் உதவும்.

நியூ மெக்சிகோவில் வொயிட் சாண்ட்ஸ். 275 சதுர மைல் வெள்ளை மணல்மேடுகள். மணல் என்று சொல்கிறோமே தவிர அது ஜிப்சம். ஜிப்சம் தண்ணீரில் கரையும். மற்ற இடங்களில் மழையோடு கரைந்து ஆற்றில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும். இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து தண்ணீர் வெளியேற வழியே இல்லை. கரைந்து வந்தது ஏரியில் தேங்கி, வெயிலில் காய்ந்து, படிகமாகி, காற்றில் உடைந்து மேடுமேடாகக் குவிந்திருக்கிறது. உச்சி வெயிலிலும் செருப்பில்லாமல் நடக்கலாம், கால் சுடாது. பனியில் சறுக்குவது போலச் சறுக்க கடையில் பிளாஸ்டிக் தட்டு விற்கிறார்கள். ஐம்பத்தெட்டு வயதில் நான் சறுக்கினேன். படம் இருக்கிறது, போடமாட்டேன்.

வடக்கே, இந்த மணல்மேடுகளைச் சுற்றியிருக்கும் ஏவுகணைத் தளத்தின் எல்லைக்குள்தான் 1945 ஜூலை 16 அன்று உலகின் முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்தார்கள். இப்போதும் ஏவுகணை சோதனை நடக்கும் நேரத்தில் நெடுஞ்சாலையை ஒரு மணி, இரண்டு மணி என்று மூடிவிடுவார்கள். வண்டியை ஓரங்கட்டி, டீ போட்டுக் குடித்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஆனால் எனக்கு அங்கே பிடித்தது குண்டும் இல்லை, சறுக்கலும் இல்லை. அந்தப் பள்ளத்தாக்கில் பனியுகத்து மனிதர்களின் காலடித் தடங்கள் கிடைத்திருக்கின்றன. சில தடங்கள் 21,000 முதல் 23,000 ஆண்டுகள் பழையவை என்று 2021ல் வெளியான ஆய்வு சொன்னது. 2020ல் வெளிவந்த இன்னொரு ஆய்வு ஒரே ஒருவரின் பாதையைப் பற்றியது. இளவயதுக்காரர், அநேகமாகப் பெண். இடுப்பில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடக்கிறார். அங்கங்கே குழந்தையை இறக்கிவிட்டு மூச்சு வாங்கியிருக்கிறார், அந்த இடங்களில் மட்டும் பொடிப் பாதங்கள். பிறகு அதே வழியில் திரும்பி வருகிறார், குழந்தை இல்லாமல். அவர் போனதற்கும் வந்ததற்கும் நடுவில் ஒரு மாமூத் யானையும் தரையில் வாழ்ந்த ஒரு பெரிய ஸ்லாத் விலங்கும் அந்தப் பாதையைக் கடந்திருக்கின்றன. தடங்கள் இருக்கும் இடத்துக்கு நம்மை விடமாட்டார்கள். குழந்தையை எங்கே விட்டுவிட்டு வந்தார், யாரிடம் கொடுத்தார் என்று அன்றிரவு முழுக்க இவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். "பாட்டிகிட்ட விட்டிருப்பா, தூங்கு" என்றார். அதுவே சரியாகவும் இருக்கலாம்.

டெக்சாஸுக்குள் நுழைந்து ஐ-10 நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் சியரா பிளாங்காவில் எல்லைக் காவல் சோதனைச் சாவடி. நாட்டு எல்லையைத் தாண்டாமலே, உள்நாட்டுச் சாலையிலேயே இருக்கும் சாவடி இது. விசாவிலோ க்ரீன் கார்டிலோ இருப்பவர்கள் அசல் தாள்களைக் கையோடு வைத்திருங்கள். பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு அங்கே நின்று தேடாதீர்கள். கஞ்சா கடத்துகிறவர்களைப் பிடிப்பதில் பேர் போன சாவடி. மோப்ப நாய் எங்கள் வேனின் பின்கதவருகே வந்ததும் அப்படியே நின்றுவிட்டது. எனக்குத் திக்கென்றது. உள்ளே இருந்தது பெருங்காயம், சாம்பார் பொடி, முருங்கைக்கீரைப் பொடி. நாய் ஒரு தும்மல் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டது. அதிகாரி சிரிக்கவில்லை, ஆனால் போகச் சொல்லிவிட்டார்.

வேன் சமையலைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாளிப்பை வண்டிக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். கடுகு வெடித்த வாசனை மெத்தையில் ஏறினால் மாநிலம் மாறினாலும் மாறாது. கதவைத் திறந்து, வெளியே மடக்கு மேசையில் ஒற்றை அடுப்பில் தாளித்துக்கொண்டு வாருங்கள். இட்லி மாவு பாலைவனத்தில் பிரமாதமாகப் பொங்கும்: பகலில் டேஷ்போர்டின் மேல், இரவில் போர்வைக்குள். மலைப்பாதையில் மட்டும் மூடியை இறுக்காமல் வையுங்கள். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பிக் பெண்ட் தேசியப் பூங்கா. ரியோ கிராண்டே ஆறு பெரிதாக ஒரு வளைவு எடுக்கிற இடம் என்பதால் அந்தப் பெயர். ஆற்றுக்கு இந்தப் பக்கம் அமெரிக்கா, அந்தப் பக்கம் மெக்சிகோ. சான்ட்டா எலேனா பள்ளத்தாக்கில் இரண்டு பக்கமும் 1,500 அடி உயரச் சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள் எழும்பி நிற்க, நடுவில் ஆறு சாதுவாக ஓடுகிறது. நாங்கள் போனபோது முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். தொலைக்காட்சியில் மணிக்கணக்காகச் சண்டை போடும் எல்லை இதுதானா என்று இருந்தது. எதிர்க்கரையில் ஒரு குதிரை நின்று தண்ணீர் குடித்துவிட்டு, நடுவாற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து புல் மேய்ந்தது. அதனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆற்றங்கரையில் ஒரு வெந்நீர் ஊற்று உண்டு. 1909ல் லாங்ஃபோர்ட் என்பவர் உடம்பைத் தேற்றிக்கொள்ள அங்கே வந்து குடியேறி, குளிப்பதற்கு ஒரு கட்டடமும் கட்டினார். கட்டடம் போய்விட்டது, அஸ்திவாரத் தொட்டி மட்டும் மிச்சம். 105 டிகிரி ஃபாரன்ஹீட்டில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. எழுந்து ஓர் அடி வைத்தால் ஆற்றின் குளிர்ந்த நீர். காசெட் டாய்லெட்டும் தண்ணீர் சிக்கனமுமாக வாழ்ந்தவர்களுக்கு அந்தத் தொட்டி என்ன என்பதை வீட்டில் குழாய் திறந்தே பழகியவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. இரவில் வானம்: அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக மற்ற 48 மாநிலங்களின் தேசியப் பூங்காக்களிலேயே செயற்கை வெளிச்சம் குறைந்தது இதுதான்.

அந்த வானத்துக்குக் கீழேதான் இவர் லேப்டாப்பைத் திறந்தார். பார்த்தால், வேன் விற்பனை விளம்பரம். "ராம் ப்ரோமாஸ்டர், உயரக் கூரை, லித்தியம் பேட்டரி, கூரையில் சோலார், ஒரே குடும்பம் ஓட்டியது." சிக்னல் இல்லாததால் சேமித்து வைத்துக்கொள்கிறாராம். "இன்னும் ஒரு மாசத்துக்கு மேல இருக்கே, இப்பவே என்ன?" என்றேன். "விளம்பரம் எழுத நேரம் எடுக்கும்" என்றார். ஆஃபீஸில் முப்பது வருஷம் டெட்லைன் பார்த்தவர். அந்த இரவோடு அவருடைய பயணம் முடிந்துவிட்டது என்பது என் தீர்ப்பு. அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் வண்டியைக் கொண்டு போய்ச் சேர்க்கும் வேலை.

இதில் அவருக்கு நல்ல துணை உண்டு. எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960ல் சார்லி என்ற நாயோடு ஒரு கேம்பர் டிரக்கில் அமெரிக்காவைச் சுற்றினார். டான் குயிக்ஸோட்டின் குதிரைப் பெயரான ரோசினாண்டேயை அந்த வண்டிக்கு வைத்தார். கலிஃபோர்னியாவில் சலினாஸ் அருங்காட்சியகத்தில் அந்த வண்டியைப் பார்த்தோம். உள்ளே எங்கள் வேனைவிட ஒழுங்காக இருந்தது. அந்தப் பயணத்தை அவர் எழுதிய புத்தகம் 1962ல் வந்தது. அதில் பாதி கற்பனை என்று பின்னால் வந்தவர்கள் சண்டைக்கு நிற்கிறார்கள். ஓர் இடம் மட்டும் உண்மை என்று நான் சத்தியம் செய்வேன். வர்ஜீனியாவில் அபிங்டன் பக்கம், காற்றடித்த ஒரு சாயங்காலம் நாலு மணிக்கு, வீடு இன்னும் வெகு தூரத்தில் இருக்கும்போதே பயணம் சட்டென்று முடிந்துவிட்டதாக அவர் எழுதுகிறார். அதற்குப் பிறகு வழியில் எதைப் பார்த்தார் என்பதே அவருக்கு நினைவில்லை.

ஆக எல்லாருக்கும் எங்கோ ஓர் அபிங்டன் உண்டு. இவருக்கு பிக் பெண்ட். எனக்கு எங்கே என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஐ-10 டெக்சாஸுக்குள் மட்டும் ஏறக்குறைய 880 மைல். சென்னையிலிருந்து மும்பை போகிற தூரத்தைவிட அதிகம், ஒரே மாநிலத்துக்குள். சொல்ல ஒன்றுமில்லை. ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் பக்கம் மளிகை, பேர்லேண்டில் மீனாட்சி கோவிலில் ஒரு காலை. லூசியானாவில் அட்சாஃபலாயா சதுப்பு நிலத்தின் மேல் 18 மைல் நீளப் பாலம். நியூ ஆர்லியன்ஸில் சிக்கரி கலந்த காபி. கும்பகோணம் டிகிரி காபிக்குப் பழகிய நாக்குக்கு அமெரிக்காவில் முதல்முறையாக வீட்டுக் காபி கிடைத்தது. கஃபே டு மாண்டில் 1862லிருந்து கொடுக்கிறார்களாம். ஒரு டின் வாங்கி வந்து டிகாக்‌ஷன் இறக்கியதும் இவர் முகத்தில் ஒரு நாள் மட்டும் பயணம் திரும்பி வந்தது.

நியூ ஆர்லியன்ஸிலிருந்து வீட்டுக்கு நேர் வழி என்று ஃபோன் காட்டியதை நான் ஒதுக்கினேன். குவார்ட்ஸைட் கணக்கை அங்கேதான் எடுத்தேன்: "நானூறு ஓட்டின நாளுக்கெல்லாம் பதிலா எனக்கு நாட்செஸ் ட்ரேஸ் வேணும்."

மிசிசிப்பி மாநிலத்தின் நாட்செஸிலிருந்து டென்னசியின் நாஷ்வில் வரை 444 மைல் சாலை. தேசியப் பூங்காத் துறையின் சொத்து. சரக்கு லாரிகளுக்கு அனுமதி இல்லை. விளம்பரப் பலகை இல்லை, சாலை மேல் பெட்ரோல் பங்க் இல்லை, வேகம் 50 மைலுக்கு மேல் கூடாது. வழியில் ராக்கி ஸ்பிரிங்ஸ், ஜெஃப் பஸ்பி, மெரிவெதர் லூயிஸ் என்று மூன்று முகாம்கள், மூன்றும் இலவசம். மார்ச் கடைசி. ரெட்பட் மரங்களில் இலை வருவதற்கு முன்பே கிளை முழுக்க ஊதாப்பூ. வடக்கே போகப் போக அதே பூ இன்னும் மொட்டாக இருக்கும். வசந்தத்தைவிட ஒரு வாரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தோம். நின்று நின்று போனால் பின்னாலிருந்து வந்து பிடித்துவிடும்.

அந்தச் சாலையின் கதை தெரிந்ததும் எனக்கு இன்னும் பிடித்துப்போனது. சாக்டா, சிக்கசா பழங்குடியினர் நடந்து நடந்து உண்டான தடம் அது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஒஹையோ, கென்டக்கி விவசாயிகள் மாவு, பன்றி இறைச்சி, புகையிலை எல்லாவற்றையும் தட்டைப் படகில் ஏற்றி மிசிசிப்பி ஆற்றோடு நாட்செஸுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் வந்து விற்பார்கள். எதிர் நீரோட்டத்தில் அந்தப் படகைத் திருப்பிக் கொண்டுபோக முடியாது. எனவே படகையும் உடைத்துப் பலகை விலைக்கு விற்றுவிட்டு, பணத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு இந்தத் தடத்தில் நடந்தே ஊர் திரும்புவார்கள். போவதற்கு யாரும் அதிகம் பயன்படுத்தாத, திரும்பி வருவதற்கென்றே இருந்த பாதை. நீராவிக் கப்பல் வந்ததும் பாதைக்கு வேலை இல்லாமல் போயிற்று. "பாத்தீங்களா, அவங்களும் வண்டியை வித்துட்டுத்தான் போயிருக்காங்க" என்று இவருக்கு நானே வாதம் எடுத்துக்கொடுத்தேன். "அவங்க விளம்பரம் கொடுக்கலை" என்றார்.

மெரிவெதர் லூயிஸ் முகாமில் அவருடைய கல்லறை இருக்கிறது. 1804லிருந்து 1806 வரை கிளார்க்கோடு சேர்ந்து பசிபிக் வரை போய், ஒழுங்காகத் திரும்பியும் வந்தவர். மூன்றே வருஷத்தில், 1809 அக்டோபரில், இந்தச் சாலையோர விடுதி ஒன்றில் குண்டு காயத்தோடு இறந்தார். தற்கொலையா கொலையா என்று இன்னும் தீரவில்லை. கல்லறையின் மேல் பாதியில் உடைந்தது போலச் செதுக்கிய தூண். பக்கத்து மேசையில் ஒரு பள்ளிக்கூடக் குழு ஹாட் டாக் சுட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் அங்கே மூன்று இரவு இருந்தோம், விதிப்படி. அந்த 444 மைல்தான் இந்த ஆறேழு மாதத்தில் நான் மறுபடி ஓட்ட ஆசைப்படுகிற சாலை. கிராண்ட் கேன்யன் எல்லாம் அப்புறம்.

நாஷ்விலைத் தாண்டி ஐ-40, டென்னசியின் கிழக்கே போனதும் கடைசி ஒரு மணி நேரமும் போயிற்று. பிறகு ஐ-81, லாரிகளின் ஊர்வலம். அபிங்டன் வந்தது. காற்று இருக்கிறதா, மணி நாலா என்று பார்த்தேன். மணி பதினொன்று, காற்று இல்லை. பொருளாதாரப் பெருமந்தத்தின் போது, 1933ல், காய்கறியையும் கோழியையும் டிக்கெட்டுக்குப் பதிலாக வாங்கிக்கொண்டு நாடகம் போட்ட பார்ட்டர் தியேட்டர் இந்த ஊரில்தான். அதைப் பார்க்க இறங்கலாம் என்று சொல்ல வாயெடுத்தபோது வாடகைக்காரரிடமிருந்து செய்தி: டிஷ்வாஷர் ஒழுகுகிறது, சமையலறைத் தரையில் தண்ணீர். அதற்குப் பிறகு வழி நெடுக நான் பிளம்பர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். ஷெனாண்டோவா பள்ளத்தாக்கு இரண்டு பக்கமும் பச்சையாக இருந்ததாக இவர் சொல்கிறார்.

செலவைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: தேசியப் பூங்கா ஆண்டு அட்டையை 80 டாலருக்கு வாங்கியது இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த பேரம். 2026 ஜனவரியிலிருந்து அந்த விலை அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு மட்டும், வெளிநாட்டவருக்கு 250. ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் பூங்காவின் புது விதிகளைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வேன் விற்றாயிற்று. விளம்பரம் போட்ட வாரத்திலேயே பென்சில்வேனியாவிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை வந்தார், தனியாகக் கிளம்பப் போகிறாராம். எஞ்சினைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார், கூரையில் ஏறி சோலாரைப் பார்த்தார், மெத்தையை முகர்ந்து பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். சொன்ன விலையில் ஐநூறு குறைத்துக் கேட்டார். இவர் முறைத்தார், நான் சரி என்றேன். பிறகு அலமாரியைத் திறந்து, எங்கள் மூன்று லிட்டர் குக்கரைக் கையில் எடுத்து, இதுவும் வண்டியோடு சேர்த்தா என்று கேட்டார். சேர்த்துதான் என்றேன். பருப்புக்கு மூன்று விசில், உருளைக்கிழங்குக்கு இரண்டு, மலை உயரத்தில் ஒன்று கூடுதல் என்று எழுதிக்கொண்டார். கேஸ்கட் மட்டும் தேய்ந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.